ஒரே ஒரு பெருக்கல் குறி: லா கொமேரா நாட்குறிப்பு

வியாழன், 20 ஜூலை 2023, சான் செபஸ்தியான்

ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவுக்குப் போகும் மூன்றரை மணிக் கப்பல் ஐந்தேகாலுக்குத்தான் புறப்பட்டது. தெனெரீஃபே தீவின் லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்தில் ஒதுங்க நிழல் இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்தபடியே ஒன்றேமுக்கால் மணி நேரம் போனது. ஆனால் ஒருவரும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் பையைத் திறந்து இரண்டு பீச் பழங்களை எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், ஒன்றை எனக்கும் ஒன்றை மகளுக்கும் நீட்டினார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தீவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். ஆனால் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் கடல் தாண்டி தெனெரீஃபே வரத்தான் வேண்டும்.

எங்கள் டிக்கெட்டைப் பார்த்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆளுக்கு நாற்பது யூரோவுக்குக் கிட்டத்தட்ட ஆகியிருந்தது. அவர் கொடுத்தது அதில் கால் பங்கு. கனேரித் தீவுகளில் குடியிருப்பவர்கள் தீவுக்குத் தீவு போக, கட்டணத்தில் 75 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. "இது வானத்திலிருந்து விழவில்லை. தலைநகர் மத்ரீதில் யாராவது எழுந்து நின்று கேட்டால்தான் கிடைக்கும்" என்று அவர் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடத்தான் கண் வலியோடு இன்றே திரும்புகிறார்.

இந்தப் பயணம் தேர்தலுக்காகப் போட்டதில்லை. மகள் மத்ரீதில் வேலை பார்க்கிறாள். அவளுடைய விடுமுறையை வைத்து ஏப்ரலிலேயே அறை பிடித்தாயிற்று. மே 28-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலிலும் மாநிலத் தேர்தல்களிலும் ஆளுங்கட்சி அடி வாங்கியது. மறுநாளே பிரதமர் பெத்ரோ சான்செஸ் பொதுத்தேர்தலை ஜூலை 23 என்று அறிவித்துவிட்டார். கொளுத்துகிற கோடையில், பாதி நாடு கடற்கரையில் கிடக்கிற நேரத்தில் தேர்தல். உடன்குடிப் பக்கத்து அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்தியவள் நான். பதினொரு தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். சுவரொட்டியைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும்.

கப்பலில் ஐம்பது நிமிடம்தான். நடுவில் காற்று தூக்கிப் போட்டதில் எனக்குக் குடல் புரட்டியது. இறங்கியதும் துறைமுகத்துக்கு எதிரே வாட்டர்கிரெஸ் கீரையும் அவரையும் போட்டு வேகவைத்த கெட்டிச் சாறு சாப்பிட்டோம். மரக்கிண்ணத்தில் தந்தார்கள், ஆறு யூரோ. கூடவே ஒரு தட்டில் கோஃபியோ. வறுத்த தானியத்தை அரைத்த மாவு, நம் சத்துமாவு வாசம். அதைத் தூவிக் கிளறியதும் வயிறு அடங்கிவிட்டது.

வெள்ளி, 21 ஜூலை, சான் செபஸ்தியான்

பிரச்சாரத்தின் கடைசி நாள். காயே ரெயால் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். 1492 செப்டம்பரில் கொலம்பஸ் இந்த ஊரிலிருந்துதான் மேற்கே கப்பல் விட்டான் என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் அவன் பெயர். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒரு மடக்கு மேசையின் மேல் காகிதங்களை அடுக்கி, இரண்டு பெண்கள் வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒலிபெருக்கி கிடையாது. எதிர்க்கட்சியின் மேசை பதினைந்து அடி தள்ளி இருந்தது. அங்கிருந்த இளைஞன் இவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். மகள் நாங்கள் ஓட்டுரிமை இல்லாதவர்கள் என்று சொன்ன பிறகும், அந்தப் பெண்களில் மூத்தவர் பொறுமையாக விளக்கினார். போகும்போது ஒரு மாதிரி வாக்குச்சீட்டும் தந்தார்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. வெள்ளை உறை கீழவைக்கு. அதில் லா கொமேரா தனித்தொகுதி கிடையாது. சாந்தா குரூஸ் தே தெனெரீஃபே மாகாணத்தோடு சேர்த்து ஏழு உறுப்பினர்கள். கட்சி தரும் பட்டியல் சீட்டை அப்படியே உறையில் போடவேண்டும். அதில் எழுதவோ அடிக்கவோ கூடாது. மற்ற உறை சீப்பியா நிறம், பழைய புகைப்படத்தின் மங்கிய பழுப்பு. அது மேலவையான செனட்டுக்கு. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பெரிய தாளில். ஒவ்வொரு பெயருக்குக் கீழும், அவரால் முடியாமல் போனால் அந்த இடத்துக்கு வரவேண்டிய மாற்றாளின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். பிடித்தவரின் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.

பெருநிலத்து மாகாணம் ஒன்றுக்கு நான்கு செனட்டர்கள், வாக்காளர் மூன்று பெயர் வரை குறிக்கலாம். பெரிய தீவுகளான கிரான் கனாரியா, மயோர்க்கா, தெனெரீஃபேக்கு மும்மூன்று செனட்டர்கள், அங்கே இரண்டு குறி. லா கொமேரா போன்ற சிறு தீவுகளுக்கு ஒரே செனட்டர், ஒரே குறி. அரசியலமைப்பின் 69-ஆவது பிரிவு இந்தத் தீவுகளைப் பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது. நேரடியாக மக்கள் தேர்ந்தெடுப்பது மொத்தம் 208 பேர். அதற்கு மேல் மாநில சட்டமன்றங்கள் அனுப்பும் உறுப்பினர்கள் தனி.

அறைக்குத் திரும்பியதும் மாதிரிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மத்ரீது மாகாணத்தில் சுமார் 68 லட்சம் பேர், நான்கு செனட்டர்கள். ஒருவருக்குப் பதினேழு லட்சம். இங்கே சுமார் 22,000 பேருக்கு ஒருவர். எழுபத்தேழு மடங்கு! "ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு" என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

"இது நியாயமாட்டி?" என்று மகளிடம் கேட்டேன்.

"மத்ரீதுக்காரிக்குக் கண்ணு வலிச்சா கப்பல் ஏறண்டாம்லா அம்மா" என்றாள்.

அது பதில்தானா என்று இரவு வெகுநேரம் யோசித்தேன்.

சாயங்காலம் சந்தையில் ஒரு பாட்டில் பனைத்தேன் வாங்கினோம், ஒன்பது யூரோ. கனேரிப் பேரீச்ச மரத்தின் உச்சியில் சீவி, இரவில் வடியும் சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். சாற்றுக்கு குவாராபோ என்று பெயர். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் அப்பாவின் பனைவிளையில், பதநீர் காய்ச்சும் தாச்சியின் பக்கத்தில் நின்றேன். கருப்பட்டிப் பாகேதான், புகைவாசம் மட்டும் கொஞ்சம் குறைவு. கடைக்காரரிடம் எங்கள் ஊரிலும் பனையேறிகள் உண்டு என்று சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கேயும் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்களாம்.

சனி, 22 ஜூலை, மலைமேல்

இன்று பிரச்சாரம் கூடாது. சட்டப்படி இது 'சிந்திக்கும் நாள்'. அப்படி ஒரு நாளைப் பெயர் வைத்துக் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பஸ்ஸை இங்கே குவாகுவா என்கிறார்கள். கீழே வெயில் முதுகைச் சுட்டது. அரை மணி நேர ஏற்றத்தில் மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம். வழியில் ரோக்கே தே அகாந்தோ என்ற பெரும்பாறை, அதன் அடியில் ஒரு நினைவுச்சின்னம். 1984 காட்டுத்தீயில் இருபது பேர் இறந்த இடம். தீயை அணைக்க வந்தவர்களோடு மாகாண ஆளுநரும் அதில் செத்துப்போனார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் அந்த இடம் வந்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். போன வாரம்தான் பக்கத்துத் தீவான லா பால்மாவில் காடு எரிந்து ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறியிருந்தார்கள். இங்கே எல்லார் பேச்சிலும் அது இருந்தது.

பஹாரீத்தோ சந்திப்பில் வண்டி மாறவேண்டும். மகள் தவறான நேர அட்டவணையைப் பார்த்திருந்தாள். எங்கள் பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது, அடுத்தது மாலைதான். மூடுபனியில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. லாரல் மரங்களின் பாசியிலிருந்து மழை போலச் சொட்டிக்கொண்டே இருந்தது. சேலை நனைந்து கைகால் விறைத்தது. ஜூலையில் பல் கிட்டும் என்று யார் கண்டார்?

பத்துப் பன்னிரண்டு கார்கள் போயிருக்கும். கை காட்டாமலேயே ஒரு சிறிய வெள்ளைக் கார் நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். எங்கே போகிறீர்கள் என்று கேட்காமலே பின்சீட்டுச் சாமான்களை ஒதுக்கினார். ஹீட்டரைப் போட்டார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். சிபுடே பக்கம் நாங்கள் தங்கவேண்டிய சிற்றூருக்குத்தான் அவரும் போகிறார்.

ஞாயிறு அன்று தாய்லாந்து போக இருந்தாராம், தோழிகளோடு, மூன்று வருடச் சேமிப்பு. ஜூன் கடைசியில் கடிதம் வந்தது: அவர் ஊர் மேசாவுக்கு அவரே தலைவர். மேசா என்றால் நம் மேசையேதான். போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த அதே சொல். இங்கே ஒரு வாக்குச்சாவடி என்பது ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். மூவரும் அரசு ஊழியர் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். தையல்காரரோ டாக்டரோ, பெயர் வந்தால் வரவேண்டும். தக்க காரணம் இல்லாமல் வராவிட்டால் குற்ற வழக்கு. படி 70 யூரோ.

நான் அதிர்ந்துபோனேன். எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு, கட்டுக் கட்டாகப் படிவம், போலீஸ் பாதுகாப்பு. இங்கே தெருவில் போகிற யாரையோ கூப்பிட்டு நாட்டின் தேர்தலைக் கையில் கொடுக்கிறார்களே! "பயமாக இல்லையா?" என்று கேட்கச் சொன்னேன். பயம்தான், கையேட்டை மூன்று முறை படித்துவிட்டேன் என்றார். பயணம் ரத்தானதில் கோபம் இல்லையா? "முதல் வாரம் அழுதேன். பிறகு, என் பாட்டி ஓட்டே போட முடியாத காலத்தில் வளர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்." சர்வாதிகாரி பிராங்கோவின் நாற்பது வருடங்கள் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

நானும் அதே வேலை செய்தவள் என்று மகள் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாக்குப்பதிவின்போது அந்நியர் உள்ளே வரக்கூடாது, ஆனால் எண்ணிக்கை சட்டப்படி பொதுவானது, யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், இரவு எட்டு மணிக்கு வாருங்கள் என்றார்.

ராச்சாப்பாடு விடுதியிலேயே. தோலோடு உப்பு பூக்க வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்பு மோஹோ, ஆட்டுப்பால் கட்டியை இடித்துச் செய்த அல்மோக்ரோதே. இரண்டு பேருக்கு 19 யூரோ. விடுதிக்கார அம்மாள் சோள அரேபாவும் சுட்டுத் தந்தார். அவருடைய தங்கை கராகஸில் இருக்கிறார். ஐம்பதுகளில் இந்தத் தீவிலிருந்து வெனிசுவேலாவுக்குப் போகாத குடும்பமே கிடையாதாம். தங்கைக்கும் ஓட்டு உண்டு. முன்பு விண்ணப்பித்தால்தான் சீட்டு வரும், போன வருடம் சட்டத்தை மாற்றிய பிறகு தானாகவே தபாலில் வருகிறது.

ஞாயிறு, 23 ஜூலை, அதே ஊர்

ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு. நான் எட்டரைக்கே எதிர்த் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வரிசை என்று ஒன்று பெரிதாக இல்லை. ஐந்தாறு பேர் சேர்வார்கள், பேசுவார்கள், போவார்கள். யார் விரலிலும் மை இல்லை. வெளியே வந்தவர்களின் இடது ஆள்காட்டி விரலை என் கண் தன்னால் தேடிக்கொண்டே இருந்தது. வாசலில் வந்தவர்கள் என்னைப் பார்த்து "புவெனோஸ் தியாஸ்" சொல்லாமல் நுழையவில்லை. ஒரு கிழவர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியும் போட்டு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

பதினோரு மணி இருக்கும். ஒரு பாட்டி பேரனோடு வந்தார். வாசல்வரை வந்த பிறகுதான் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டது தெரிந்தது. வீடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில். பேரனுக்குப் பத்து வயதுதான். சுவரோரம் ஓடினான், ஒரு விரலை மடக்கி வாயில் வைத்தான், இன்னொரு கையைக் குவித்தான். அந்தச் சீழ்க்கை பள்ளத்தைத் தாண்டிப் போனதை நான் காதால் பார்த்தேன் என்றே சொல்வேன். ஏறி, இறங்கி, நடுவில் வெட்டி, மறுபடி ஏறியது. சில நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் சீழ்க்கை. கால் மணி நேரத்தில் ஒருவர் அட்டையோடு வந்து சேர்ந்தார்.

இதுதான் சில்போ. ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிப் பேசுவது. சாலையும் தொலைபேசியும் வருவதற்கு முன் மேய்ப்பர்கள் மலைக்கு மலை பேசிய முறை. அழிந்துபோகும் நிலைக்கு வந்து, 1999 முதல் தீவின் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. என்ன சீழ்க்கை அடித்தாய் என்று மகள் கேட்டாள். "பாட்டியின் அட்டை மேசை மேல் இருக்கிறது, கொண்டு வாங்க" என்றானாம். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மதியம் திண்ணையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும். அந்தத் தொப்பிக்காரக் கிழவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் ஒளிக்காமல் சொன்னார்: வெள்ளை உறையில் நாடு முழுக்க நிற்கும் ஒரு கட்சி, சீப்பியா உறையில் தீவுக் கட்சி. இங்கே பலர் அப்படித்தானாம். அக்ருபாசியோன் சோஷியலிஸ்தா கொமேரா என்ற அந்தக் கட்சியை 2015-இல் தொடங்கியவர் காசிமீரோ குர்பேலோ. 1991 முதல் கபில்தோ எனும் தீவு ஆட்சிக்குழுவின் தலைவர். முன்பு சோஷியலிஸ்ட் கட்சியில் இருந்து இவரே செனட்டராகவும் இருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆள் தலைவராக இருப்பது நல்லதா என்று கேட்டேன். கிழவர் யோசித்தார். "எங்களுக்கு அவரைத் தெரியும். அவருக்கு எங்களைத் தெரியும். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு" என்றார். இருபத்திரண்டாயிரம் பேரில் செனட்டரைத் தெருவில் பார்த்து நிறுத்திக் கேட்டுவிடலாம். ஆனால் யார் ஓட்டுப் போடவில்லை என்பதும் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு உறுத்தியது.

செனட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை, சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் கீழவை மறுபடி நிறைவேற்றிவிடும் என்றார். மாநிலத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் 155-ஆவது பிரிவுக்கு மட்டும் செனட்டின் அறுதிப் பெரும்பான்மை வேண்டும். 2017-இல் கட்டலோனியாவுக்கு அப்படித்தான் நடந்தது. "ஆனால் 2012-இல் இங்கே காடு எரிந்து, வாயே கிரான் ரெய் மக்களைக் கடல் வழியாக வெளியேற்றினார்கள். அப்போது மத்ரீதில் இந்தத் தீவின் பெயரைச் சொல்ல ஒருவராவது வேண்டுமா இல்லையா?"

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தப் போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பெருநிலத்தில் அப்போது ஒன்பது மணி. கனேரித் தீவுகள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை நாட்டில் எந்த முடிவையும் வெளியிட மாட்டார்கள். இந்த ஒரு மணி நேரம் ஸ்பெயின் முழுவதும் இவர்களுக்காகக் காத்திருக்கிறது.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் தபால் ஓட்டுகளைப் பெட்டியில் போட்டார்கள். பிறகு கட்சி முகவர்களும் மேசைக்காரர்களும் கடைசி ஆட்களாக ஓட்டுப் போட்டார்கள். வெள்ளைப் பெட்டி முதலில், சட்டம் அப்படி. அது முடிய ஒன்பது மணி தாண்டிவிட்டது. பிறகு சீப்பியா.

தலைவி, அதாவது நேற்று எனக்கு ஸ்வெட்டர் தந்த பெண், ஒவ்வொரு உறையாகப் பிரித்தார். அந்தப் பெரிய தாளை விரித்தார். பெருக்கல் குறி விழுந்த பெயரை உரக்க வாசித்தார். உறுப்பினர்களுக்கும் முகவர்களுக்கும் திருப்பிக் காட்டினார். மறுபடி அடுத்த உறை. "ஃபாபியான் சினேயா." தீவுக் கட்சி வேட்பாளர். அடுத்தது வேறு பெயர். "ஃபாபியான் சினேயா." இருநூற்றுச் சொச்சம் முறை. நடுவில் தொண்டை கட்டியது, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். மின்னணு எந்திரம் வந்த பிறகு நாங்கள் பட்டனை அழுத்தி எண்ணைப் படிக்கிறோம். காகிதச் சீட்டை நான் கடைசியாக எண்ணியது ஊராட்சித் தேர்தலில். ஒரு மனிதர் மறைவில் நின்று போட்ட ஒவ்வொரு கோட்டையும் ஒரு குரல் திருப்பிச் சொல்வதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! எனக்குக் கண் கலங்கியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தாளில் இரண்டு குறி. நடுங்கிய கையெழுத்து, இரண்டும் அழுத்தமாக. தலைவி அதை வெகுநேரம் பார்த்தார். கையேட்டைத் திறந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நூலோ." செல்லாது. முத்திரை இரண்டு சின்னத்திலும் படிந்த சீட்டை எடுத்துத் தனியே வைக்கும்போதெல்லாம் எனக்குள் விழும் அதே கனம் அவர் முகத்தில் தெரிந்தது.

முடிந்ததும் கணக்கு எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கதவின் வெளியே ஒட்டினார்கள். செல்லாத சீட்டுகளை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மற்றவற்றை எல்லார் முன்னாலும் கிழித்துப் பையில் போட்டார்கள். தலைவி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "சரியாகச் செய்தேனா?" என்று கேட்கிறார் என்றாள் மகள். எழுந்து போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

திங்கள், 24 ஜூலை, சான் செபஸ்தியான், கப்பல்

நேரத்துக்கு பஸ், நேரத்துக்குக் கப்பல். துறைமுகக் காபிக்கடையில் கெட்டிப்பாலும் எலுமிச்சைத் தோலும் போட்ட பர்ரகீத்தோ, இரண்டு யூரோ. தொலைக்காட்சியில் மத்ரீது. கீழவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. செனட்டில் எதிர்க்கட்சியான மக்கள் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை. செனட்டின் வரைபடம் வந்தபோது மாகாணங்கள் பெரிய பெரிய நிறத்திட்டுகளாகத் தெரிந்தன. கீழே மூலையில் இந்தத் தீவு தனி நிறத்தில். கடைக்காரர் ரிமோட்டை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சினேயா இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். கராகஸ் தங்கையின் ஓட்டு மட்டும் இன்னும் எண்ணப்படவில்லை. வெளிநாட்டுச் சீட்டுகள் வெள்ளிக்கிழமைதான்.

எழுபத்தேழு என்ற எண்ணை நான் இன்னும் விடவில்லை. அது சரி என்று இப்போதும் என்னால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. தவறு என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லவும் முடியாது.

கப்பலில் பையைத் திறந்தால் பனைத்தேன் பாட்டில் மூடி கழன்று ஒழுகியிருந்தது. துணி தப்பித்தது. மாதிரி வாக்குச்சீட்டு முழுக்கப் பாகு. எழுபத்தேழைக் கண்டுபிடித்த கணக்கும் அதன் முதுகில்தான் இருந்தது. மகள் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பேனா மை கரைந்தது, அச்சடித்த பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன. மேல்தளத்துக்குக் கொண்டுபோய், காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் இருவரும் கை வைத்து அழுத்திப் பிடித்துக் காயவைத்தோம். தெனெரீஃபே கரை தெரியும்வரை அது காயவில்லை.